ரெக்கார்டர் வாங்கும் முன் சாக்கெட்டைப் பாருங்கள்

வீட்டு ஹைஃபை செட்டோடு வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சடித்த எண்களைத்தான். 96 கிலோஹெர்ட்ஸா, 192-ஆ, டிஎஸ்டி உண்டா, 32 பிட் ஃப்ளோட் உண்டா என்று. நான் பார்க்கச் சொல்வது வேறு இடம். கருவியைத் திருப்பி, ஒலி உள்ளே போகும் சாக்கெட்டைப் பாருங்கள். பக்கத்தில் 'லைன்' (டெக், டியூனர் போன்ற கருவிகளின் ஒலியை வாங்கும் வழி) என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'மைக்' என்று மட்டும் இருக்கிறதா? பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

எனக்கு ரெக்கார்டர் தேவைப்பட்டது அப்பாவின் கேசட்டுகளுக்காக. காவேரிப்பட்டணத்தில் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போவார் என்றாலும் அவர் மனசு பாரதக் கூத்தில்தான் இருந்தது. எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று பெரும்பாலும் 18 நாள் நடக்கும். கடைசியில் படுகளம், தீமிதி. அப்பா ஹார்ன் கட்டி, மைக் தொங்கவிட்டு, ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்க லைன் அவுட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து கேசட் டெக்கில் கொடுத்து, விடிய விடியப் பதிவு செய்வார். சி-90 கேசட்டை 45 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். திருப்பும் அந்தச் சில நொடியில் போன வசனம் போனதுதான். மற்றதெல்லாம் இருக்கிறது. இரண்டு தகர டிரங்குப் பெட்டி நிறைய. அதில் பாடியவர்கள், முகவீணை ஊதியவர்கள், மத்தளம் அடித்தவர்கள் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு மெனக்கெட்டேன்.

கம்ப்யூட்டரிலேயே செய்யலாமே என்பார்கள். செய்யலாம். நல்ல யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தால் தரத்தில் குறையே இருக்காது. ஆனால் வீட்டுக் கூடத்தில், ஆம்ப்ளிஃபையர், டெக், லேப்டாப் மூன்றையும் மூன்று பிளக்கில் சொருகி ஒன்றோடொன்று வயரால் இணைத்தால் பெரும்பாலும் ஒரு 'ம்ம்ம்' வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு கருவிகள் எர்த் வழியாகவும் இணைந்து, ஆடியோ வயரின் ஷீல்டு வழியாகவும் இணைந்தால் நடுவில் ஒரு வளையம் உருவாகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் காதில் 'ம்ம்ம்' என்று விழுகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும், மாட்டினால் திரும்ப வரும். பள்ளியில் இயற்பியல் எடுக்கும்போது இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் படம் வரைய வேண்டியிருக்கிறது. வீட்டில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு சார்ஜரைக் கழற்றினாலே போதும்.

அப்புறம் கரண்ட் கட். இன்வெர்ட்டருக்கு மாறினதும், அது சதுர அலை தரும் சாதாரண இன்வெர்ட்டராக இருந்தால், 'ம்ம்ம்' போய் 'ஸ்ர்ர்ர்' என்று கூர்மையான இரைச்சல் வரும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. பேட்டரியில் ஓடும் ரெக்கார்டருக்கோ சுவரோடு சம்பந்தமே இல்லை. வளையம் உருவாக வழியில்லை. லேப்டாப்பில் பாதிப் பதிவில் அப்டேட் வந்து நிற்பதோ, மெசேஜ் வந்த சத்தம் கூத்துக்குள் கலப்பதோ இதில் கிடையாது. ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் கருவிக்கு உள்ள நிம்மதி அது. ஃபோனில் பதிவு செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். ஃபோனின் ஹெட்செட் சாக்கெட்டில் உள்ளே போகும் வழி மைக்குக்கானது, அதுவும் மோனோ. ஸ்டீரியோ செட்டுக்கு அது ஆகாது.

சரி, லைன் இன் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். கேசட் டெக், டியூனர் போன்ற வீட்டுக் கருவிகளின் லைன் அளவு சுமார் 0.3 வோல்ட் என்று வைத்துக் கட்டியது. ஸ்டுடியோக் கருவிகளில் அதுவே 1.23 வோல்ட். சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் வரை தரும். மைக்கைவிட நூறு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல். இதைக் கொண்டுபோய் மைக் சாக்கெட்டில் கொடுத்தால் உள்ளே முதல் படியிலேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். லெவலைக் கீழே இறக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாகாது. பல சின்னக் கருவிகளில் லெவல் குமிழ் வேலை செய்வது அந்த முதல் படிக்கு அப்புறம்தான். மீட்டர் -12 டெசிபெல்லில் அமைதியாக நிற்கும், காதில் மட்டும் கரகரக்கும். மீட்டரை மட்டும் நம்பி மணிக்கணக்கில் பதிவு செய்துவிட்டு அப்புறம் கேட்பவர்களுக்கு இது பெரிய நஷ்டம்.

ஒரே ஈபி சாக்கெட்டை (ஹெட்ஃபோன் பின் போகும் 3.5 மி.மீ. துளை) மைக், லைன் என்று மெனுவில் மாற்றிக்கொள்ளும் கருவிகளும் உண்டு. அது போதும், தாராளமாக வாங்கலாம். மைக் மட்டும் உள்ள கருவிதான் கையில் இருக்கிறது என்றால் நடுவில் ரெசிஸ்டர் வைத்து அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வயர் போடலாம். இன்னொன்று, மின்சாரம் வெளியே வரும் சாக்கெட்டுகள். சின்ன மைக்குக்காக ஈபி சாக்கெட்டில் இரண்டு மூன்று வோல்ட் அனுப்பும் பிளக்-இன் பவர், பெரிய மைக்குக்காக எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் சாக்கெட்டில் 48 வோல்ட் அனுப்பும் ஃபேன்டம் பவர், இரண்டையும் ஹைஃபையை மாட்டும் முன் அணைத்துவிடுங்கள். முக்கியமாக அந்த 48 வோல்ட். பழைய டெக்கின் அவுட்புட்டுக்குள் அது போகக் கூடாது.

லைன் இன்னுக்கு அடுத்து நான் பார்ப்பது லெவலைக் கையால் வைக்க முடிகிறதா என்று. யூஎஸ்பி பென்டிரைவில் பதிவு செய்யும் என்று சொல்லி விற்கும் மலிவான டேப் பிளேயர்கள் பலவற்றில் லெவல் தானாகத்தான் நடக்கும், நம் கைக்கு எதுவும் இல்லை. கூத்துக்கு ஆட்டோ லெவல் எமன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒரு பேச்சைப் பேசிவிட்டு, கூட்டம் சிரிக்கட்டும் என்று நிறுத்துவான். அந்த நிறுத்தத்தில் கருவி சத்தம் குறைந்துவிட்டது என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போகும். நாடாவின் 'உஸ்ஸ்' மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். அடுத்து மத்தளத்தில் ஓர் அடி விழுந்ததும் எல்லாம் ஒரே அமுக்காக அமுங்கும். பின்பாட்டுக்காரர் குரலும் சேர்ந்து அமுங்கும். மறுபடி மெல்ல ஏறும். சத்தமும் அமைதியும் மாறி மாறி வருவதில்தான் கூத்தே இருக்கிறது. ஆட்டோ லெவல் அதை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிடும். வாங்கும் கருவியில் ஆட்டோ லெவல், லிமிட்டர் (உச்சத்தை அமுக்குவது), லோ கட் (தாழ்ஒலியை வெட்டுவது) மூன்றையும் தனித்தனியாக அணைக்க முடிய வேண்டும். அணைக்க வழியில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மீட்டர் பெரிதாக இருக்க வேண்டும், உச்சத்தில் கொஞ்ச நேரம் நின்று காட்ட வேண்டும். இதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை. பெங்களூர் 90 கிலோமீட்டர்தானே என்று அங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன். அங்கே கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "யூடியூபுக்கா மேடம்?" கேசட்டுக்கு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தன் வீட்டிலும் ஒரு பெட்டி கிடக்கிறது என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பேட்டரி போட்டு ஆன் செய்து காட்டினார். மெனு எத்தனை அழுத்தில் வருகிறது, பதிவு நடக்கும்போது ஹெட்ஃபோனில் கேட்க முடிகிறதா, வெளிச்சத்தில் திரை தெரிகிறதா என்று நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இப்போது அந்த எண்களுக்கு வருகிறேன். பிட் என்பது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளந்து எழுதுகிறது என்பது. 24 பிட் கட்டாயம் வேண்டும். 16 பிட்டின் கணக்குப்படியான ஒலி வீச்சு 96 டெசிபெல். டால்பி என்ற இரைச்சல் குறைக்கும் முறை இல்லாத சாதாரண கேசட்டில் உச்சச் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் இடையே இருப்பது ஐம்பது டெசிபெல்லைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்படியானால் 16 பிட்டே மிச்சம்தானே என்று கேட்டால், முடிவில் கேட்பதற்கு மிச்சம்தான். பதிவு செய்யும்போது 24 பிட் தருவது வேறு ஒரு வசதி. உச்சத்தை -12 டெசிபெல்லுக்குக் கீழே வைத்துவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம். திடீரென்று ஒருவர் மைக்கில் வந்து கத்தினாலும் தலை வெட்டுப்படாது. தாழ்வாக வைத்ததால் எதுவும் கெடாது, அப்புறம் உயர்த்திக்கொள்ளலாம்.

கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்ற விஷயத்தில், என் முடிவு 48. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைப் பிடித்துவிடும். அப்பா வாங்கியது சாதாரண ஃபெரிக் நாடா, அதில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உருப்படியாக எதுவும் இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோ பதிவு மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். ஒரு சி-90 முழுசும் 1.5 ஜிபி. 32 ஜிபி கார்டில் இருபது கேசட் அடங்கும். 96-க்குப் போனால் இடம் இரட்டிப்பாகும், காதுக்கு ஒன்றும் கூடாது. எல்பி ரெக்கார்டு பதிவு செய்து, கீறல் சத்தத்தை மென்பொருளில் எடுப்பவர்கள் 96 வைத்துக்கொள்ளட்டும், அதில் அர்த்தம் இருக்கிறது. 32 பிட் ஃப்ளோட் நல்ல தொழில்நுட்பம்தான். அடுத்த நொடி என்ன சத்தம் வரும் என்று தெரியாத இடத்தில் அது காப்பாற்றும். ஆனால் டெக்கிலிருந்து வரும் உச்சம் நமக்கு முன்பே தெரியும். ஒருமுறை ஓடவிட்டு லெவல் வைத்தால் முடிந்தது. வீட்டு செட்டுக்காக மட்டும் அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, அடுக்கில் நிரந்தரமாக உட்காரும் பெரிய ரெக்கார்டரா, கையில் பிடிக்கும் சின்னதா? பெரியதில் டாஸ்காம் டிஏ-3000 பெயர் பெற்றது. ஆர்சிஏ (வீட்டு செட்டுகளின் பின்னால் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இருப்பது), எக்ஸ்எல்ஆர் இரண்டு வகை சாக்கெட்டும் உண்டு. 24 பிட் 192 வரையும், டிஎஸ்டி என்ற வேறொரு பதிவு முறையில் 5.6 மெகாஹெர்ட்ஸ் வரையும் பதியும். எஸ்எஸ்-சிடிஆர்250என் என்று இன்னொன்று, எஸ்டி கார்டு, யூஎஸ்பி, சிடி மூன்றிலும் பதியும். இந்த ரகத்தில் ஆர்சிஏ வயரை நேராக மாட்டலாம், மீட்டர் தூரத்திலிருந்தே தெரியும், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். வீட்டில் நிறைய எல்பி வைத்திருப்பவர், ஒரே இடத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பதிவு செய்யப் போகிறவர் என்றால் இதற்குச் செலவு செய்வது நியாயம். மினிடிஸ்க் கருவிகளையும் வீட்டு சிடி ரெக்கார்டர்களையும் பழைய சாமான் கடையில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 1992-ல் வந்த மினிடிஸ்க் ஒலியைச் சுருக்கித்தான் பதிந்தது, இன்று டிஸ்க் தேடி அலைய வேண்டும். வீட்டு சிடி ரெக்கார்டர்கள் பல 'மியூசிக்' என்று அச்சடித்த தனி சிடியை மட்டும்தான் ஏற்கும். சோனி பிசிஎம்-எம்10, பிசிஎம்-டி100 இரண்டும் நல்ல கருவிகள். இப்போது தயாரிப்பில் இல்லை. தெரிந்தவர் கையிலிருந்து நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

நான் எடுத்தது கையில் பிடிக்கும் ரகம், டாஸ்காம் டிஆர்-40எக்ஸ். காரணம் ஒன்றுதான். வீட்டில் அப்பாவின் பழைய கூத்தைப் பதிவு செய்வதோடு என் வேலை முடியவில்லை. இன்றைக்கும் ஆடுகிறார்கள், அதையும் பதிய வேண்டும். இதே கருவி பகலில் அலமாரியில் யமஹா ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இருக்கும், பாரதம் வைத்த ஊருக்கு ராத்திரி என்னோடு பையில் வரும். இதில் இரண்டு காம்போ சாக்கெட்டுகள் இருக்கின்றன, எக்ஸ்எல்ஆரும் போகும், பி-38 என்ற 6.3 மி.மீ. பெரிய பின்னும் போகும். லைன், மைக், ஃபேன்டம் என்று மாற்றப் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச். மெனுவுக்குள் ஒளிந்துகொள்ளாமல் விரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பது எனக்குப் பிடித்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மூன்று ஏஏ பேட்டரி. சார்ஜ் ஏற்றும் ரகத்தைப் போட்டுக்கொள்கிறேன். கூத்தில் கருவியின் சொந்த மைக்கில் பதியும்போது, அதே ஒலியை லெவல் குறைத்து இன்னொரு கோப்பாகவும் கூடவே பதிந்துகொள்ளும் வசதி உண்டு. வேஷம் திரையை விலக்கி உள்ளே வரும் நேரத்தில் முகவீணை, மத்தளம், தாளம், கூட்டத்தின் விசில் எல்லாம் ஒன்றாக எழும். அப்போது முதல் கோப்பு வெட்டுப்பட்டாலும் இரண்டாவது காப்பாற்றிவிடும். கூத்து வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் பதிகிறேன். யாரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

வயருக்கு, ஒரு முனையில் ஆர்சிஏ, மறு முனையில் மோனோ பி-38 என்று இரண்டு வேண்டும். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அப்பாவின் சால்டரிங் அயர்னிலேயே வைத்துக் கொடுத்தான். பத்தடி, இருபதடி வேண்டாம், எட்டுகிற அளவு போதும்.

இணைக்கும் இடம் ஆம்ப்ளிஃபையரின் 'ரெக் அவுட்'. சிலவற்றில் 'டேப் அவுட்' என்றிருக்கும். வால்யூம் குமிழைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த சாக்கெட்டில் வரும் அளவு மாறாது. பதிவு நடக்கும்போது வீட்டில் யாராவது வந்து சத்தத்தைக் குறைத்தால்கூடப் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. பதிவு மைக் வழியாகப் போகாததால் வெளியில் மாங்காய் லாரி ஹார்ன் அடிப்பதும் உள்ளே வராது. ரெக்கார்டரின் அவுட்டை ஆம்ப்ளிஃபையரின் 'டேப் இன்'-ல் திருப்பிக் கொடுத்துவிட்டால் பதிந்ததை அதே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கலாம். புது ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ரெக் அவுட்டே வைப்பதில்லை. அப்போது டெக்கிலிருந்தே நேராக ரெக்கார்டருக்குக் கொடுத்துவிடலாம். நடுவில் ஆம்ப்ளிஃபையர் கட்டாயமில்லை. ரெக்கார்டு பிளேயரை மட்டும் அப்படிக் கொடுக்கக் கூடாது. மூவிங் மேக்னட் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதோடு பதிவின்போது குறைத்த தாழ்ஒலியைக் கூட்டி, கூட்டிய மேல்ஒலியைக் குறைக்கும் ரியா திருத்தமும் வேண்டும். ஃபோனோ பிரீஆம்ப் அல்லது ஃபோனோ சாக்கெட் உள்ள ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் வர வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் ஒலியைத் தீர்மானிப்பது ரெக்கார்டர் அல்ல, டெக்தான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் டேப் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர். பெல்ட் மாற்றக் கொண்டுபோயிருந்தேன். கையோடு கொண்டுபோன ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "டீச்சர், இது உங்க டெக்குல ரெக்கார்டு ஆனது இல்லைங்க. உங்க ஹெட்டு நேரா இருந்தா மட்டும் பத்தாது. அந்த டெக்கு ஹெட்டு எப்படி சாஞ்சிருந்துச்சோ, அப்படியே இதையும் சாய்க்கணும்" என்றார்.

நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் இருபுறமும் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று இறுகப் பிடித்திருக்கும், மற்றதன் அடியில் ஸ்பிரிங் இருக்கும். ஹெட்டின் சாய்வை, அதாவது அசிமுத்தை, மாற்றுவது அந்த ஸ்பிரிங் திருகுதான். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. அவ்வளவு மெதுவாக ஓடுவதால் மேல்ஒலியின் அலைகள் நாடாவில் மிக நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் முதலில் காணாமல் போவது அவைதான். அண்ணன் ஆம்ப்ளிஃபையரை மோனோவில் போடச் சொன்னார். மோனோவில் இரண்டு சேனலும் கூடும்போது, சாய்வு பொருந்தவில்லை என்றால் மேல்ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும், அதனால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கேசட் ஓட, மூடியின் துளை வழியே மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகை நூலளவு திருப்பினார். குரல் போர்வைக்குள் இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். தாளத்தின் 'சிங்' என்ற வெண்கலச் சத்தம் திறந்துகொண்டது. இன்னும் திருப்பினதும் மறுபடி மூடியது. பின்னால் வந்து, திறந்த இடத்தில் நிறுத்தினார். "தாளத்தைக் கேளுங்க, குரலைக் கேக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் ரெக்கார்டு பட்டனை அழுத்துகிறேன். ரெக்கார்டருக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இந்த நூலளவு திருப்பில் கிடைக்கும் தெளிவு அதில் கிடைக்காது. காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஒவ்வொரு கேசட்டுக்கும் முன் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். ரப்பரை மட்டும் உடனே உலர்ந்த பஞ்சால் ஒருமுறை. பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன், அது டெக்குக்குள் போனால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். வருஷக்கணக்கில் சுற்றிக் கிடந்த நாடாவைக் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம்தான் பதிவு. சில கேசட்டுகளில் பாட்டு எடுக்கும் ஓரிரு நொடிக்கு முன்பே அதே பாட்டு மெலிதாகக் கேட்கும். சுருளில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் காந்தத்தை ஒன்றுக்கொன்று ஏற்றிக்கொண்டதால் வருவது அது. சி-90 நாடா சி-60-ஐவிட மெல்லியது என்பதால் அதில் கூடுதலாகக் கேட்கும். அதை நீக்க நான் முயல்வதில்லை.

டால்பி சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவின்போது டால்பி போட்டிருந்தால் மட்டும் கேட்கும்போதும் போட வேண்டும். இல்லாத கேசட்டுக்குப் போட்டால் இரைச்சல் குறைவது உண்மைதான், கூடவே தாளமும் குறையும். அப்பாவின் கேசட்டுகளில் டால்பி இல்லை, எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

ரெக்கார்டர் வந்ததும் முதலில் அதன் தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள். கோப்புகள் அடையாளம் தெரியாமல் குவிந்த பின் பிரிப்பது கஷ்டம். பதிவு ஓடும்போது புது வேஷம் வரும் இடத்தில் மார்க் பட்டனை அழுத்தினால் பின்னால் அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். கேசட் அட்டையில் அப்பா ஊதா மையில் ஊர்ப் பெயர், எத்தனையாவது நாள், யார் வேஷம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த அட்டையை ஃபோனில் படம் எடுத்து, ஒலிக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிடுகிறேன். மெமரி கார்டில் எதையும் விட்டு வைப்பதில்லை. அன்றன்றே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏறும், ஒன்று தம்பியோடு ஓசூர் போய்விடும். வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பதால் சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே தானாக வெட்டிப் புதுக் கோப்பு தொடங்கும். எங்கே வெட்டியது என்று பார்த்து வரிசை எண் போட்டுவிடுங்கள்.

மத்தளக்காரர் ஒருவரின் மகன் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கிறார். அவர் அப்பா வாசித்த ராத்திரி கிடைத்ததும் சொல்லி அனுப்பினேன். "பென்டிரைவுல போட்டுக் குடுங்கம்மா, வண்டியில கேட்டுக்கிட்டே போறேன்" என்றார். அப்படிக் கேட்பவர்களுக்கு எம்பி3 செய்து தருகிறேன். மூலப் பதிவே மோனோ என்பதால் இரண்டு சேனலில் சுத்தமாக இருக்கும் ஒன்றை எடுத்து, 128 கேபிபிஎஸ் மோனோவில் போட்டால் கார் ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்கிறது. மூலம் 24 பிட் வேவாக, வெட்டாமல், இரைச்சல் நீக்காமல், டிஸ்கில் அப்படியே இருக்கும்.